ஏரியும் விதையும் மின்விசையும்



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு நிறைவில் வேளாண்மையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். காஞ்சி மாநகர் கோயிலாலும் பட்டாலும் பெயர் பெற்றது. ஆயினும் இவ்விரண்டும் வயலைச் சார்ந்து வளர்ந்தவை. கோயில் விளக்குக்கும் திருவமுதுக்கும் அறமாக விடப்பட்ட நிலங்களுள் பல ஏரி நீர் பாயும் நிலங்கள். பட்டு நூலுக்கு உரமேற்ற நெசவாளர் அதனை அரிசிக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். ஆகவே பட்டுச் சேலையின் பாவிலும் நெல்லின் பங்கு உண்டு.

புலவர்க்கும் உழவுக்கும் உள்ள தொடர்பு இதனினும் பழைமையானது. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. மறுமை இன்பமும் வெற்றியும் அழியாப் புகழும் வேண்டுமாயின், நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்துக என்பது அதன் சாரம். பொன்னும் களிறும் கேட்டுப் பெறும் மரபில் வந்த புலவர் ஒருவர், அரசனிடம் நீர்நிலை கேட்டார்.

திருக்குறளின் 104ஆம் அதிகாரம் உழவு. அதில் வள்ளுவர் பயிர்த்தொழிலின் படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கிறார். உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறார். களை நீக்கியபின், நீர் பாய்ச்சுதலினும் காத்தல் நன்று என்று முடிக்கிறார். அவர் காக்கச் சொன்னது பயிரை. எனினும் காப்பு என்னும் அச்சொல்லை ஏரிக்கும் விதைக்கும் நிலத்தடி நீருக்கும் நீட்டிப் பார்த்தால், தொண்டை நாட்டு வேளாண்மையின் நெடிய வரலாற்றை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. புதிய கருவியோ புதிய விதையோ வந்து சேரும்போது விளைச்சல் பெருகுகிறது. அப்பெருக்கம் நிலைக்குமா என்பது, அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்பவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. இவ்வுரை அக்கருத்தை மூன்று மாற்றங்களின் வழியே ஆராய்கிறது.

மேலைநாட்டுச் சான்று

வேளாண்மைப் புரட்சி என்றவுடன் வரலாற்று நூல்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தையே முதலில் சுட்டும். ஜெத்ரோ டல் என்பார் 1701ஆம் ஆண்டளவில் அமைத்த விதைப்புக் கருவி விதையைக் கைபோன போக்கில் தூவாமல், வரிசையாக மண்ணுக்குள் இட்டது. கோதுமை, டர்னிப் கிழங்கு, வாற்கோதுமை, குளோவர் என்னும் தீவனப் பயிர் ஆகிய நான்கையும் ஆண்டுதோறும் மாற்றி இடும் நார்ஃபோக் முறை, நிலத்தைத் தரிசாக விடும் தேவையைக் குறைத்தது. தீவனம் கால்நடையைப் பெருக்கிற்று. கால்நடை எருவைப் பெருக்கிற்று. எரு கோதுமையைப் பெருக்கிற்று.

இவற்றோடு வேறொன்றும் நிகழ்ந்தது. ஊர்ப் பொது நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமை ஆக்கும் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. விளைச்சல் உயர்ந்தது. பொதுப் புல்வெளியில் ஒரு பசுவை மேய்த்துப் பிழைத்த எளிய குடியானவன் பலவிடங்களில் கூலியாள் ஆனான். கருவியின் வரலாற்றை எழுதுவோர் அவனையும் சேர்த்தே எழுத வேண்டியுள்ளது.

இங்கிலாந்தில் பொதுவாக இருந்தது மேய்ச்சல் நிலம். தொண்டை நாட்டில் பொதுவாக இருந்தது ஏரி நீர். அதனால் இம்மண்ணின் புரட்சியை நீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

மதகு

தொண்டை நாட்டுக்குக் காவிரி போன்றதோர் ஆறு வாய்க்கவில்லை. பாலாறு கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து நெடுந்தொலைவு வந்தாலும், ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சி தருகிறது. வேகவதியும் செய்யாறும் மழையை நம்பிய ஆறுகள். வடகிழக்குப் பருவமழையோ ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அச்சில நாள் மழையைப் பல மாதப் பயிருக்கு உரிய நீராக மாற்றுவதே இம்மண்ணின் முதற்சிக்கல். அதற்கு முன்னோர் கண்ட விடை ஏரி.

பெரும்பாணாற்றுப்படையின் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியிலிருந்து ஆண்டவன். காஞ்சிக்கு அருகிலுள்ள தென்னேரியைத் திரையன் ஏரி என்று அவனோடு இணைத்துப் பேசுவது மரபு. பல்லவர் காலத்தில் ஏரி அமைத்தல் அரசின் பெருந்தொழிலாயிற்று. முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த மகேந்திரவாடிக் குகைக் கோயிலின் கல்வெட்டு, அக்கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்ததைக் கூறுகிறது. காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் வழியிலுள்ள மாமண்டூர் ஏரி, கல்வெட்டில் சித்திரமேகத் தடாகம் எனப்படுகிறது. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிக்கிறது. உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் தந்திவர்மன் காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. இப்பெயர்களில் ஒரு நயம் உண்டு. வானத்து மேகத்தை மண்ணில் இறக்கி வைத்ததைப் போல ஏரிக்கு மேகத்தின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர்.

ஏரி என்பது மண்ணைத் தோண்டிய பள்ளம் மட்டுமன்று. மெல்லச் சரியும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை எழுப்பப்படும். கரையின் அடியில் கல்லாலான தூம்பு செல்லும். தூம்பின் வாயில் துளையும், அதன்மேல் இரு கல் தூண்களும், தூண்களுக்கிடையே ஏறி இறங்கும் கோலும், கோலின் நுனியில் துளையை அடைக்கும் அடைப்பும் இருக்கும். கோலை உயர்த்தினால் நீர் வயலுக்கு வரும்; தாழ்த்தினால் நின்றுவிடும். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் நீரின் அழுத்தத்தை ஒரு மனிதன் தன் கையால் ஆளுவதற்கு வழிசெய்த அமைப்பு இது.

மிகுநீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கலிங்கு அமைத்தனர். கலிங்கின்மேல் வரிசையாக நட்ட கற்களுக்கிடையே மண்ணும் புல்லும் இட்டு, மழைக்காலத்தின் இறுதியில் நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வர். பெருவெள்ளம் வந்தால் அம்மண்ணை நீக்கி வழிவிடுவர். ஓர் ஏரியின் கலிங்கு நீர் அடுத்த ஏரிக்கு வரத்து நீராகும். இவ்வாறு ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டன. மேலூர் கலிங்கை உயர்த்தினால் கீழூர் வாடும். மேலூர் கரை உடைந்தால் கீழூர் மூழ்கும். பொறியமைப்பே ஊரையும் ஊரையும் ஒன்றோடொன்று கட்டிவைத்தது.

ஏரி வாரியம்

மதகைக் கட்டினால் மட்டும் போதாது. மழைநீரோடு வண்டல் வரும். வண்டல் படிந்தால் ஏரி ஆண்டுதோறும் சிறுக்கும். கரையில் எலி வளை தோண்டும், மரம் வேர்விடும். ஏரி கட்டிய அரசன் மறைந்த பின்னும் அதனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இத்தேவையே உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் சட்ட வடிவம் பெற்று நிற்கிறது.

முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கப்பட்டன. தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் ஆட்டை வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பொறுப்பின் காலம் முந்நூற்று அறுபது நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயர் இடப்பெறும் தகுதியை இழந்தனர்.

தேர்தல் முறையைப் போற்றுவோர் பலர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்ன பணிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதும் அதே அளவு எண்ணத் தக்கது. ஒரு நீர்நிலையைப் பேணுவதற்கென்று தனிக்குழு, அக்குழுவுக்குக் காலவரம்பு, கணக்குக் காட்டும் கடமை. ஏரியில் மண்ணெடுத்துக் கரையில் இடுவதற்கான அறக்கொடைகளும், அதற்கெனப் படகு வைத்த செய்திகளும், ஏரிப் பராமரிப்புக்கு விட்ட ஏரிப்பட்டி நிலங்களும் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுகின்றன. மதகைப் போலவே இவ்வேற்பாடும் வேளாண்மையில் நிகழ்ந்த கண்டுபிடிப்பே.

ஆனால் அக்காலத்தைப் பொற்காலமாக வரைந்து மகிழ்வது ஆய்வாகாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவையும் உடைய ஆடவர்க்கே குடத்தில் இடமிருந்தது. ஏரியில் இறங்கி மண்ணைக் கூடையில் சுமந்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. வயலில் நாற்று நட்ட பெண்டிர் பெயரும் இல்லை. பிற்காலத்தில் கம்புகட்டி என்றும் நீர்க்கட்டி என்றும் அழைக்கப்பட்டு, இரவும் பகலும் வாய்க்கால்களில் நடந்து நீரைப் பங்கிட்டவர்கள் பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே. களத்தில் அளந்த நெல்லில் ஒரு சிறுபங்கே அவர்களுக்குரிய ஊதியம். நீரின் நெளிவு சுளிவை நன்கறிந்தவர்க்கு ஊரவையில் இருக்கை இல்லை. இக்குறை பின்னர் வந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

ஆங்கிலக் கும்பினி 1763இல் செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து சாகீராகப் பெற்றது. வரி நெறி மாறியது. விளைச்சலிலிருந்து ஊர்ப் பொதுப்பணிக்கு ஒதுக்கிய பங்குகள் தேய்ந்தன. ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வழக்கமாக நடந்துவந்ததைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தும் நிலை வந்ததே அது நலிந்ததற்குச் சான்று.

விதை

இரண்டாம் மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் விதையின் வடிவில் வந்தது. கோயம்புத்தூரில் 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கே நாட்டு நெல் ஒன்றில் இயற்கையாகத் தோன்றிய வேறுபாட்டைக் கண்டு தெரிந்தெடுத்து, 1921இல் வெளியிட்ட நெல் ஜி.இ.பி. 24. மக்கள் அதனைக் கிச்சிலிச் சம்பா என்று வழங்கினர். மெல்லிய அரிசி, நல்ல சுவை. உழவரும் உண்போரும் ஒருங்கே விரும்பிய நெல் அது.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திரூர்க்குப்பம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கும் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஜி.இ.பி. 24 நெல்லையும் கோ 18 நெல்லையும் இணைத்து அந்நிலையம் 1952இல் அளித்த நெல்லே டி.கே.எம். 6. அதன் பெயரிலுள்ள எழுத்துகள் திரூர்க்குப்பத்தையே குறிக்கும். தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சியைத் தாங்கும் இயல்பு இந்நெல்லுக்கு இருந்தது.

1960களின் நடுவில் நாடு கடும் உணவுப் பற்றாக்குறையில் இருந்தது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி இந்தியா நின்றது. 1967இல் சென்னை மாநிலத்துத் தேர்தல் மேடைகளில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பது பெரும் பேச்சாயிற்று. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா முதலமைச்சர் ஆனது அத்தேர்தலின் பின்னரே.

அந்நாளில் நடுவண் அரசின் வேளாண்மை அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். அறிவியல் துறையில் வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் 2023இல் மறைந்த எம்.எஸ். சுவாமிநாதன். பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966ஆம் ஆண்டின் இறுதியில் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் பேட்டா என்னும் நெட்டை நெல்லையும், தைவானின் தீ-ஜியோ-வூ-ஜென் என்னும் குட்டை நெல்லையும் இணைத்துப் பெற்றது அது.

குட்டையாக இருப்பதில் என்ன புதுமை? பழைய நெட்டை நெல்லுக்கு எருவை மிகுதியாக இட்டால் அது மேலும் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாது. இட்ட உரத்தைத் தாளாக்காமல் மணியாக்கும். நாளின் நீளத்தைப் பாராமல் ஏறத்தாழ 130 நாளில் விளைந்துவிடும். ஒரு பூ நிலம் இரு பூ நிலமாக வழி பிறந்தது. தமிழகத்து ஆடுதுறை நிலையமும் சப்பானிய நெல்லோடு ஜி.இ.பி. 24ஐ இணைத்து ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை அளித்துத் தஞ்சைக் குறுவையைச் செழிக்கச் செய்தது.

ஐ.ஆர். 8 பசியைத் தணித்தது, நாவை நிறைவிக்கவில்லை. அரிசி மொத்தம், சோறு ஆறினால் விறைக்கும். பூச்சியும் நோயும் எளிதில் தாக்கின. இக்குறைகளைப் போக்க ஆராய்ச்சியாளர் தேடியபோது அவர்கள் கைக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று திரூர்க்குப்பத்து நெல். டி.கே.எம். 6இன் இயல்பைக் கலந்து 1969இல் வெளிவந்த ஐ.ஆர். 20 தமிழக வயல்களில் நெடுங்காலம் நிலைபெற்றது. 1976இல் வந்த ஐ.ஆர். 36இன் முன்னோர் வரிசையிலும் டி.கே.எம். 6 உண்டு. 1980களில் ஐ.ஆர். 36 உலகில் ஒரு கோடி எக்டேருக்கு மேல் பயிரிடப்பட்டது. மணிலாவிலிருந்து வந்த விதை என்று உழவர் கருதிய நெல்லில் தொண்டை நாட்டு நெல்லின் குருதியும் ஓடியது.

அந்நாட்டு நெற்கள் பன்னெடுங்காலமாகக் காக்கப்பட்டவை. அறுவடைக் களத்தில் முற்றிய கதிரைத் தனியே பிரித்து, உலர்த்தி, வைக்கோற் கோட்டையில் கட்டி வைத்து, அடுத்த பட்டத்துக்கு எடுத்துக் கொடுத்த கைகளில் பல பெண்களின் கைகள். குட்டை நெல்லின் வருகைக்குப் பின், விதை கடையில் வாங்கும் பொருளாக மாறத் தொடங்கியது. பல நாட்டு நெல்வகைகள் வயலைவிட்டு மறைந்தன. அடுத்த நோய்க்கு மருந்தாகக்கூடிய நெல் எந்தக் குதிரில் கிடந்து மக்கிற்று என்று யாரால் கூற முடியும்? விதையின் காப்பு வீட்டிலிருந்து நிறுவனத்துக்குப் போனபோது ஏற்பட்ட இழப்பு இது.

மின்விசை

குட்டை நெல்லுக்கு உரமும் வேண்டும்; உரிய வேளையில் தவறாத நீரும் வேண்டும். ஏரி மாசி, பங்குனியில் வற்றிவிடும். இரண்டாம் போகத்துக்கும் மூன்றாம் போகத்துக்கும் கிணறே துணை. மூன்றாம் மாற்றமாகிய மின்விசை அங்கேதான் நுழைந்தது.

அதற்கு முன் கிணற்று நீரை இறைத்தவை ஏற்றமும் கவலையும். கவலையில் இரு மாடுகள் சரிவில் இறங்கித் தோற்சாலை இழுக்கும், பின்னோக்கி ஏறும். ஏற்றத்தில் ஒருவர் துலாமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் கீழே நின்று சால் நீரைக் கவிழ்ப்பார். இறைத்த சால்களை எண்ணக் கணக்கேடு இல்லை, பாட்டே கணக்கு. ஓரடி பாடி முடிந்தால் ஒரு சால். மாலையில் பாதியில் நின்றுபோன ஏற்றப்பாட்டின் அடுத்த அடியைக் கேட்பதற்குக் கம்பர் மறுநாள் வரை காத்திருந்தார் என்னும் செவிவழிக் கதையைக் கவிஞர்கள் அறிவர்.

அப்பாட்டின் இனிமையில் மயங்கி அவ்வுழைப்பின் கொடுமையை மறத்தல் கூடாது. விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை துலாவில் நடந்தும் சிறிதளவு நிலமே நனையும். 1950களிலும் 1960களிலும் ஊர்தோறும் மின்கம்பி வந்தபோது, உழவனின் காலும் மாட்டின் கழுத்தும் விடுதலை பெற்றன. விடுதலை அதோடு நிற்கவில்லை. சிறு உழவன் தன் முறை நீருக்காக ஊர்ப் பெரியவரின் திண்ணை முன் நிற்க வேண்டியதில்லை. தன் கிணறு, தன் விசை, தன் நேரம். ஏரி வாரியக் குடத்தில் பெயர் இடப்படாத குலத்தில் பிறந்தவனுக்கு இது சிறிய பேறன்று.

1990இல் தமிழக அரசு உழவர் அனைவர்க்கும் பாசன மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கியது. இன்று மாநிலத்தில் பாசன மின்விசைகள் இருபது இலட்சத்துக்கு மேல். 1950களில் ஏரிகள் தமிழகப் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்களவு நிலத்தைப் பேணின. இன்று பாதிக்கு மேற்பட்ட பாசனப் பரப்பு கிணற்றை நம்பியுள்ளது.

கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? ஏரி நிரம்பினால் ஆயக்கட்டுக் கிணறுகள் ஊறும். ஏரி தூர்ந்தால் கிணறு தாழும். இவ்வுண்மையை உழவர் அறியாதவர் அல்லர். ஆனால் தன் கிணற்றில் நீர் இருக்கும்வரை, ஏரிக் கரைக்கு மண் சுமக்க வேண்டிய அவசரம் எவர்க்கும் தோன்றவில்லை. வசதியுடையவர் முதலில் விலகினர். அவர் விலகியபின் மற்றவரால் பணியை நடத்த முடியவில்லை. கம்புகட்டிக்கு அளக்கும் நெல் நின்றது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயினர். அது அவர்கட்கு நன்மையே. அவர் அறிந்திருந்த நீர்க்கணக்கு மட்டும் எவரிடமும் ஒப்படைக்கப்படாமல் போயிற்று. ஏரிக்குள் சீமைக் கருவேல் வளர்ந்தது. வரத்துக் கால்வாயில் மனைகள் எழுந்தன. கிணறு ஆழ்துளைக் கிணறாயிற்று; நூறடி பல நூறடியாயிற்று. ஆழத் துளையிடப் பொருளில்லாத சிறு உழவன் மீண்டும் பிறர் முன் நின்றான். இம்முறை நீரை விலைக்குக் கேட்டு நின்றான்.

இவ்விளைவை முன்னரே ஐயுற்றவர் உண்டு. காஞ்சிக்கு அண்டையிலுள்ள அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலும் இலங்கையிலும் நெல் விளையும் ஊர்களில் 1970களின் முற்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. பி.எச். ஃபார்மர் பதிப்பித்து 1977இல் வெளிவந்த அவ்வாய்வு நூல் தன் தலைப்பில் பசுமைப் புரட்சி என்னும் தொடருக்குப் பின் ஒரு வினாக்குறியை இட்டது. அவ்வினாக்குறி இன்னும் நீங்கவில்லை.

காப்பு

2015ஆம் ஆண்டு திசம்பரில் காஞ்சி மாவட்டமும் சென்னையும் வெள்ளத்தில் மூழ்கின. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. நான்கே ஆண்டு இடைவெளியில் மிகுநீரும் இன்மையும் ஒரே நிலப்பரப்பைத் தாக்கின. மிகுநீரைத் தேக்கி இன்மையில் அளிப்பதே ஏரியின் பணி. அப்பணியைச் செய்யும் ஆற்றல் குறைந்துவிட்டது என்பதையே இவ்விரு துன்பங்களும் காட்டின.

மீட்கும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளின் மேலாண்மையில் உழவர் பங்குபெறச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன. 2007இல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரோடு ஒரு திட்டத்தை மாநில அரசு மணிமங்கலம் ஏரியில் தொடங்கி வைத்தது. செம்மை நெல் சாகுபடி என்னும் முறையில் இளநாற்றை ஒற்றையாக அகல நட்டு, வயலை எப்போதும் நீரில் மூழ்கடிக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விட்டு, குறைந்த நீரில் நல்ல விளைச்சல் காணும் உழவர்களும் உள்ளனர்.

இம்முயற்சிகளை எடைபோட உத்திரமேரூர்க் கல்வெட்டே அளவுகோல் தரும். பொறுப்பாளர் யார்? எத்தனை நாள்? கணக்கை யாரிடம் காட்ட வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடையுள்ள இடத்தில் ஏரி பிழைக்கும். அவற்றோடு, அக்கல்வெட்டு கேளாத நான்காம் வினாவையும் இன்று கேட்டாக வேண்டும். குடத்தில் யாருடைய பெயர்கள் உள்ளன? நிலமற்றவரும், நாற்று நடும் பெண்டிரும், நீர்பாய்ச்சிய குடும்பங்களின் வழிவந்தோரும் அதில் இடம்பெற வேண்டும். மின்விசையைக் கைவிடுமாறு எவரும் கேட்கப் போவதில்லை, கேட்பதும் அறமன்று. தனித்தனிக் கிணறுகளுக்கு அடியில் இருப்பது ஒரே பொது நீர் என்பதை ஏற்று, அதற்கு ஒரு வாரியம் காண்பதே இக்காலத்துக்குத் தேவையான கண்டுபிடிப்பு.

காஞ்சி நெசவாளர்க்கு இது புதிய பாடமன்று. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். இரண்டையும் ஊடை இழைகளால் கோத்து இணைக்கத் தறியில் ஒருவர் போதாது. உடனிருந்து நாடா தள்ளத் துணைக்கை வேண்டும். துணைக்கை விலகினால் உடலும் கரையும் ஒன்றாகா. ஏரியும் கிணறும் அவ்வாறே கோக்கப்பட வேண்டியவை.

இதில் இலக்கிய வட்டத்தார்க்கு என்ன பணி என்று கேட்கலாம். மதகு, மடை, தூம்பு, கலிங்கு, வரத்துக்கால், ஆயக்கட்டு, முறைநீர், கம்புகட்டி ஆகிய ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலைச் செய்யக் கற்றுத்தரும் சொல். ஊருக்கு ஊர் மதகுகளுக்குத் தனிப்பெயர் உண்டு, வயல்களுக்கும் உண்டு. அப்பெயர்களை அறிந்தவர்கள் எழுபதும் எண்பதும் கடந்து திண்ணைகளில் இருக்கின்றனர். பெயர் மறந்த மதகு அடைபட்டால் கேட்பார் இல்லை. பெயர் மறந்த கால்வாய் மனையாக மாறினாலும் தடுப்பார் இல்லை. வழக்கு மன்றத்தில் ஏரிக்குச் சான்று சொல்ல வரைபடம் உதவுவது போல, ஊர் நினைவில் ஏரிக்குச் சான்று சொல்ல மொழியே உதவும்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் பெயர், மதகுகளின் பெயர்கள், நீர் வரும் வழி, போகும் வழி, முன்னாளில் மதகைத் திறந்தவர் யார், அவர்க்கு அளந்த நெல் எவ்வளவு, நடவில் பாடிய பாட்டு எது, இறவையில் பாடிய பாட்டு எது என்பவற்றை அவ்வூர் முதியோரிடம், குறிப்பாக வயலில் உழைத்த பெண்களிடமும் நீர்பாய்ச்சிய குடும்பங்களிடமும், கேட்டு எழுதி வைக்கலாம். அத்தொகுப்பு கவிஞர்க்குச் சொல் தரும். ஆய்வாளர்க்குச் சான்று தரும். ஊரார்க்கு உரிமை தரும். கல்லில் பெயர் பெறாதவர்கள் ஏட்டிலேனும் பெயர் பெறுவர்.

குடபுலவியனார் அரசனிடம் ஏரி கேட்டார். அரசர்கள் கட்டித் தந்த ஏரிகள் இன்றும் இருக்கின்றன. காக்கும் கைகளை ஊராரிடம் கேட்க வேண்டிய காலம் இது. அக்கேள்வியை எழுப்பும் கடமையில் புலவர்க்கு முதலிடம் உண்டு.